எட்டாம் வகுப்புத் தேர்தலில் வைத்த மை

முதலிபாளையம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில், 2001 ஜூலையில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரின் விரலில் வைத்த மை அதன் பிறகு அழியவேயில்லை. அரசாங்கத்தைப் பற்றிய பாடம் புத்தகத்தில் இருந்து வாசித்தால் மண்டையில் ஏறாது என்று சமூக அறிவியல் ஆசிரியர் பெருமாள்சாமி வகுப்பிலேயே ஒரு தேர்தல் நடத்தினார். மைக்காக, சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஒரு தகப்பன் ஊதாச் சாயம் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். அதே சாயம் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிய பனியன்கள் முதல் சலவையிலேயே வெளுத்துக் கப்பலில் திரும்பி வந்தன. விரலில் ஏறியது மட்டும் நின்றுவிட்டது.

பெண்கள் கழிவறைக்குக் கதவு போடுவேன் என்று சொல்லி நின்ற நாகஜோதி, அருண்பாண்டியை ஏழு ஓட்டில் தோற்கடித்து முதலமைச்சர் ஆனாள். சாத்தூர்ப் பக்கம் மழையில்லாமல் பிழைக்க வந்த குடும்பத்துப் பெண். அவளுடைய முதல் உத்தரவு, கதவைப் பற்றியது, தலைமையாசிரியர் மேசைக்குப் போனது. மறுநாள் அந்தத் தேர்தல் விளையாட்டு நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் பெருமாள்சாமி அவிநாசிப் பக்கம் மாற்றப்பட்டார். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பாதிப் பேர் பனியன் கம்பெனிகளுக்குப் போயிருந்தார்கள், முதலமைச்சரும்தான். ப்ளீச்சிங்கில் கை முக்கியவர்களுக்கு ரேகை போயிற்று, மை போகவில்லை. நகத்தை வெட்டினால் புது நகமும் ஊதாவாகவே முளைத்தது.

2006 தேர்தலுக்கு முன் நாகஜோதி தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை நடந்து பட்டியலில் பெயர் சேர்த்தாள். அவள் இருந்த லைன் வீடுகளில் ஓட்டு உள்ள வேறு ஆள் கிடையாது. ஓட்டு இல்லாத சந்துக்குத் தண்ணீர் லாரி வராது. வாக்குச்சாவடி அதே பள்ளியில், அதே வகுப்பறையில். மைக்குப்பியோடு உட்கார்ந்திருந்தவர் பெருமாள்சாமி. அவளை அவர் அடையாளம் கண்டுகொண்டார். பிறகு விரலைப் பார்த்தார்.

"மை இருக்குதே கண்ணு."

"எட்டாப்புல நீங்கதான சார் வச்சீக?"

கட்சி ஏஜெண்டுகள் நான்கு பேரும் அவரையே பார்த்தார்கள். விளையாட்டுக்கு நான் வைத்ததுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னென்ன விசாரணை வரும் என்று அவர் யோசித்த நேரம், ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போகும் நேரம்.

"மை இருந்தா ஓட்டு இல்லீங்க. ரூல்ஸ் அப்படி" என்றார்.

முன்பு 'கண்ணு' என்றவர் இப்போது 'ங்க' போட்டதுதான் தன்னை அழ வைத்தது என்று அவள் பின்னால் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வகுப்புப் பிள்ளைகளில் ஓட்டுப் போட வந்த எல்லோரும் அதே வார்த்தைகளோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். தண்ணீர் லாரி பெரிய ரோட்டோடு நின்றுகொண்டது.

ஓய்வு பெற்ற பிறகு பெருமாள்சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேடி வந்தார்.

"அன்னைக்கு நான் சொல்லியிருக்கோணும்" என்றார்.

"சொல்லியிருந்தா ஒங்க வேலை போயிருக்கும் சார்."

"ஆமாம்மா."

அவள் இரண்டு சந்து தள்ளிப் பிடித்து வந்த குடத்தில் இருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை.

2009 தேர்தல் நாளில் கம்பெனிகளுக்கெல்லாம் விடுமுறை. "நீங்கதான் போட்டாச்சில்லீங்க, உங்களுக்கு எதுக்கு லீவு?" என்று அவள் விரலைப் பார்த்துச் சூப்பர்வைசர் கேட்டார். நாகஜோதிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆளில்லாத ஹாலில் தன் ஓவர்லாக் மெஷினை மட்டும் போட்டுக்கொண்டு, மதியத்துக்குள் இருநூறு பீஸ் முடித்தாள்.