நான்காவது தோள்

1
இந்தக் கதை ஓர் அட்லஸிலிருந்து வந்தது. ஸ்ரீரங்கத்தில் என் அறையில் உட்கார்ந்து கொழும்புக்கும் திருச்சிக்கும் நடுவே விரலை வைத்தேன். இரண்டு ஊரும் விரலுக்கடியில் மறைந்தன. ஏறக்குறைய முந்நூறு மைல். விமானத்தில் இரண்டு மணி நேரம். விரலை எடுக்கத் தயக்கமாக இருந்தது. அடியில் கடல் இருந்தது.

முதல் வரி: 'குத்புதீன் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகங்களை—'

வேண்டாம். விமானத்துக்குள் நான் போகப்போவதில்லை. போனால் என்ன நடந்ததென்று தெரிந்துவிடும்.

2
1956, திருச்சி பாலக்கரை. முந்தின நாள் மாலை பரக்கத் அலி இறந்துபோனார். ஒரே மகன் குத்புதீன் கொழும்பில் ஜவுளிக்கடையில் இருக்கிறான். மய்யித்தை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

"கப்பல், ரயில்னு வந்தா எம்புள்ள அத்தா முகத்தைப் பார்க்க முடியாது. பிளேன்ல வரச் சொல்லி தந்தி அடிங்க" என்று அன்றிரவே சொன்னாள் மனைவி ஷரபுன்னிசா.

"ரெண்டு மணி நேரந்தான் அண்ணி" என்றார் இறந்தவரின் தம்பி அப்துல் சுக்கூர். "நம்ம துறையூர் பஸ் ஆள் சேத்துக்கிட்டுக் கிளம்பறதுக்குள்ள வந்து நிப்பான்."

அந்த வீட்டில் கடைசியாக யாரோ சிரித்தது அப்போதுதான்.

3
[இது கதையில்லை. கப்பல் அரை நாள் தாமதித்தால் எவரும் பயப்படுவதில்லை. காற்று, அலை என்று சொல்லிக்கொள்வார்கள். இரண்டு மணி நேரத்துப் பயணத்தில் மூன்றாவது மணிக்குச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. தூரம் குறையக் குறைய பயத்துக்கு இடம் கூடுகிறது. இதை அடிக்க நினைத்தேன். இருக்கட்டும்.]

4
காலை விமானத்தில் ஏறுவதாகக் குத்புதீனிடமிருந்து பதில் தந்தி வந்திருந்தது; மதியத்துக்குள் வந்திருக்க வேண்டும். நண்பகல் லுஹருக்கு என்றிருந்த அடக்கத்தை மாலை அஸர் தொழுகைக்குத் தள்ளினார்கள். அதற்குமேல் தள்ள மாட்டார்கள். சுக்கூர் மருந்துக்கடைக்குப் போய் விமான நிலையத்துக்கு போன் போட்டுவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாங்க?" பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஷரபுன்னிசா கேட்டாள்.

"அங்கேருந்து கிளம்பிடுச்சாம் அண்ணி."

"அது எப்பவோ தெரியும். இங்க?"

சுக்கூர் கையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் ஈரமே இல்லை.

மய்யித்து வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்க மூன்று பேர் மூன்று மூலையில் நின்றார்கள். தலைமாட்டின் வலப்பக்கம் மகனுக்கு என்று விட்டிருந்தார்கள். எதிர்வீட்டு அடைக்கலராஜ், இறந்தவரின் சிநேகிதர், அங்கே கை வைத்தார்.

"நான் பிடிக்கிறேன் சுக்கூர்."

"வைக்காதீங்க!" திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அது அவன் இடம். இன்னொருத்தர் தோள் குடுத்தா அவன் இல்லேன்னு ஆயிடும். நாந்தான் அவனைப் பிளேன்ல ஏறச் சொன்னேன்."

அடைக்கலராஜ் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

5
முடிவு ஒன்று: தெருமுனையில் டாக்ஸி ஹாரன். குத்புதீன் இறங்கி ஓடி வருகிறான். எழுதிப் படித்தேன். ஹாரன் மட்டும் காதில் விழுந்தது. அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

முடிவு இரண்டு: ஒரு போலீஸ்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொப்பியைக்—

கிழித்துவிட்டேன்.

6
மூன்று பேரும் குனிந்தே நிற்கிறார்கள். பள்ளிவாசலில் அஸர் பாங்கு தொடங்கிவிட்டது. வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. திரை ஒருமுறை அசைந்து நின்றது.

நான் பேனாவை மூடிவிட்டேன். அந்தத் தெருவில் அவள் தடுக்காத தோள் இனி இதைப் படிக்கும் உங்களுடையது மட்டும்தான். கை கொடுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கொடுக்காதீர்கள் என்று சொல்லவும்—