அரை இஞ்சில் ஒரு பூதம்

1

இந்தக் கதை என் கற்பனை என்று சொன்னால் அது பொய். 2005இல், ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நான். எங்கள் ஆபீசில், ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் ஒரு விதிப்புத்தகத்தையும் இருபது முகப் பகடையையும் மறந்து வைத்துவிட்டுப் போனார். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரர்களாகி அதற்குள் சண்டை போடும் ஆட்டம். ஏன் திருப்பித் தரவில்லை என்று கேட்காதீர்கள். அவர் கேட்கவில்லை.

2

'இருண்ட குகையில் நாகஜோதி கோடரியை ஓங்கி...'

(அந்த வரியை அடித்துவிட்டேன். குகை ஏது? கட்டிங் டேபிள்தான். 2007, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பேட்டர்ன் பேப்பரில் இஞ்சுக்கு ஒரு கட்டம். வீரர்களும் பூதங்களும் சட்டைப் பட்டன்கள்.)

நாகஜோதி, எங்கள் செக்கிங் சூப்பர்வைசர் ரோஸ்மேரியின் வீராங்கனை. தூத்துக்குடிக்காரரான ரோஸ்மேரி இரண்டு வருடமாக அவளைச் சாகவிடாமல் காப்பாற்றி வந்தார். செத்த வீரரின் விவரங்கள் எழுதிய தாளைக் கத்திரியால் வெட்டிப் போடுவது எங்கள் வழக்கம். அன்று நாகஜோதிக்கு உயிர்ப்புள்ளி ஒன்றுதான் மிச்சம்; இன்னொரு அடி விழுந்தால் சாவு. எதிரே இரண்டு பூதங்கள்.

3

அவளுக்கு ஒரு தனித்திறன் உண்டு. ஒரே வெட்டில் ஓர் எதிரியைச் சாய்த்தால், ஒட்டிய கட்டத்தில் நிற்கும் இன்னொருவரையும் உடனே வெட்டலாம். நடுவில் காலெடுத்து வைக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி.

முதல் பூதம் சாய்ந்தது. இரண்டாவது பூதத்தின் பட்டனோ கோட்டின் மேல் நின்றது. ஒட்டிய கட்டத்தில் கொஞ்சம், அதற்கடுத்ததில் கொஞ்சம். (டீ கிளாசை நகர்த்தும்போது என் கை பட்டு அது நகர்ந்துவிட்டது. இதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை.)

"தொட்டுக்கிட்டுல்லா நிக்குது! வெட்டலாம்லா," என்றார் ரோஸ்மேரி.

டெய்லரிங் மாஸ்டர் சென்னிமலை இதற்காகவே காத்திருந்தவர். "ஏனுங்க மேடம், போன வாரம் அரை இஞ்சு கூடன்னு எம்பது பீஸை ரிஜெக்ட் பண்ணுனீங்களே. துணிக்கொரு சட்டம், பூதத்துக்கொரு சட்டமுங்களா?"

4

(இங்கே ரோஸ்மேரி கோபித்துக்கொண்டு எழுந்து போவதாக எழுதியிருந்தேன். நடக்கவில்லை. சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.)

கதை சொல்பவன் தீர்ப்பே முடிவு என்கிறது புத்தகம். கதை சொல்பவன் நான்தான், ஆனால் எனக்குத் தைரியம் போதவில்லை. "நீங்களே செக் பண்ணுங்க," என்று டேப்பை நீட்டினேன்.

ரோஸ்மேரி குனிந்து அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு, குறையுள்ள பீஸில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரைப் பையிலிருந்து எடுத்துப் பூதத்தின் மேல் ஒட்டினார்.

"பாதிக்கு மேல தள்ளி இருக்க கட்டத்துலதான் கெடக்கு. எட்டாது."

சென்னிமலை கத்திரியை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க மேடம். ஸ்டிக்கர் ஒட்டுன பீஸ் அத்தனையுமா ரிஜெக்ட்டு? திருத்தி எடுக்க ஆல்ட்டருக்கும் போகுமில்லீங்க!"

5

முடிவு அ: பூதம் வாயைத் திறக்க, நாகஜோதி...

முடிவு ஆ: நான் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பட்டனைப் பழைய இடத்தில் வைக்கிறேன். பழைய இடம்...

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என் கை படுவதற்கு முன் அது எந்தக் கட்டத்தில் இருந்தது? சத்தியமாக நான் பார்க்கவில்லை. நீங்கள் இரண்டாம் பகுதியிலிருந்தே மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள். ரோஸ்மேரி இன்னும் டேப்பைச் சுருட்டவில்லை. கத்திரி சென்னிமலையின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.