பனையம்பட்டின் மசக்கை

பத்மினிக்கு மூன்றாவது முறை நாள் தள்ளியபோது அவளுக்கு வாந்தி வரவில்லை. பனையம்பட்டில் மற்ற எல்லோருக்கும் வந்தது. முதலில் அவள் புருஷன் தமிழரசுக்கு. ஸ்ரீ சிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் சத்தியவேடு வருவதற்குள் தலையை வெளியே நீட்டிவிட்டான். மறுநாள் மாமியார் சந்திரம்மாவுக்கு. அந்த வாரம் முடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவியது. பால் ஊற்றும் பச்சையப்பன் கறவையின் நடுவில் எழுந்து வேலிப்பக்கம் ஓடினார். அம்மன் கோயில் தர்மகர்த்தா முனியப்பன் பல் விளக்கிக்கொண்டே குனிந்தவர் வெயில் ஏறும்வரை நிமிரவில்லை. வெங்காயம் தாளித்தால் தெருவே மூக்கைப் பொத்தியது. மீசை வைத்த ஆண்கள் மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் கேட்டார்கள். வெளியூரில் வேலை பார்த்தவர்களையும் அது விடவில்லை. ஊரில் பிறந்தவர்கள், வாக்கப்பட்டு வந்தவர்கள் எங்கே இருந்தாலும் அங்கேயே குமட்டினார்கள். வயசுக்கு வராத பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஊர் ஆந்திர எல்லைக்குள் இருந்ததால் மண்டல ஆபீசிலிருந்து மெடிக்கல் கேம்ப் வந்தது. தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள், நாலு நாள் கழித்து வந்து, "நீள்ளு பாகுன்னாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. பெண்களுக்கு அது முன்பே தெரியும். பிள்ளை பெற்றவர்கள் யாரும் அந்தக் குமட்டலை வேறொன்றாக நினைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொருத்தியும் தனக்குத்தான் என்று நினைத்து நகரி மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாகக் கர்ப்பம் பார்க்கும் அட்டை வாங்கிப் பார்த்தாள். எல்லோருக்கும் ஒற்றைக் கோடுதான் வந்தது. அதன்பிறகு தெருக்குழாயில் பேச்சு குறைந்தது. குடத்தை வைத்துவிட்டு ஒருத்தி வயிற்றை இன்னொருத்தி பார்த்தாள். யாருக்கு வாந்தி வரவில்லை என்று காது கொடுத்தார்கள்.

பத்மினி கொல்லைப்பக்கம் போய்த் தொண்டையில் விரல் விட்டுப் பார்த்தாள். வரவில்லை. சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு நின்றபோது பின்னால் சந்திரம்மா நின்றாள்.

"வராதுடி, வுடு."

"பித்தம் அத்த."

"பித்தமா? நான் பெத்தவ, என் வாந்தி எனக்குத் தெரியாதா? இது என்னுது இல்ல. ஒன்னுது."

பத்மினி வாயைத் துடைத்தாள். மறைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. வேண்டாம் என்று முடிவு செய்தாயிற்று, வெள்ளிக்கிழமை திருப்பதியில் கிளினிக், அவருக்கும் தெரியும் என்றாள். அதற்குக் காரணம் சந்திரம்மாவுக்குச் சொல்லத் தேவையில்லை. சின்னவன் யஸ்வந்த் பிறந்தபோது ரத்தம் நிற்காமல் பத்மினியின் உதடு வெளுத்துப்போனதையும், தர்மாஸ்பத்திரி வராண்டாவில் மூத்தவளை மடியில் வைத்துக்கொண்டு தான் உட்கார்ந்திருந்ததையும் சந்திரம்மா மறக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவள் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முனியப்பனுக்கு அவர் பெண்சாதி மூலம் விஷயம் போனது. வாந்திபேதி இல்லை, மசக்கை என்று. அவர் அதை நம்பினார். நம்பியதுதான் தவறாகப் போயிற்று. அன்று சாயங்காலம் கோயில் மைக்கைப் பிடித்தார்.

"எவளோ ஒருத்தி முழுவாம கீறா. அவ ஆருன்னு தெரியல. ஆனா ஊரே சொமந்துக்கினு கீது. அப்ப அது ஊருப் புள்ள. அம்மன் குட்த்தது. இன்னிக்கே காப்பு கட்டறோம். வெள்ளிக்கெழம கூழு. கூழு ஊத்தினதும் அவளே வந்து அம்மன் முன்னாடி நிக்கணும். மால போட்டு, பொறக்கற வரிக்கும் ஊரு பாத்துக்கும்."

சொல்லி முடித்துவிட்டு மைக்கிலேயே குமட்டினார். ஊர் முழுக்கக் கேட்டது.

காப்பு கட்டினால் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. போகிறவர்கள் விளக்கு வைப்பதற்குள் திரும்ப வேண்டும். அம்மை கண்டால், மழை பொய்த்தால் கட்டுவார்கள். ஒரு கர்ப்பத்துக்காகக் காப்பு கட்டிய ஊர் அந்தப் பக்கத்தில் அதுவரை இல்லை. மஞ்சள் நூலில் வேப்பிலை முடிந்து எல்லோர் மணிக்கட்டிலும் கட்டினார்கள். பத்மினியும் கையை நீட்டினாள். கட்டியது முனியப்பனே. நூலை முடிந்த பிறகும் அவர் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. நாடி பார்க்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

வியாழக்கிழமை அவள் தான் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போகவில்லை. கிளினிக்கில் போனில் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தாள். கொலுசைக் கழற்றினாள். நகப்பூச்சைச் சுரண்டினாள். தளர்ந்த நைட்டி ஒன்று, துண்டு, நாப்கின், ஸ்கேன் எடுத்த படம், ஆதார் எல்லாவற்றையும் கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பையில் வைத்தாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் கூடாது. துணைக்கு ஒரு ஆள் வர வேண்டும். தமிழரசு பக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தான்.

"ஆரு வர்றா கூட?" என்றாள் சந்திரம்மா வாசற்படியில் நின்று.

"அவுரு."

"இவனா? இவன் பஸ் படிய பாத்தாலே கக்குவான். நான் வர்றேன்."

பத்மினி நிமிர்ந்து பார்த்தாள். சந்திரம்மா பையைத் திறந்து நைட்டியை எடுத்து மறுபடி மடித்தாள்.

"இவன் வயித்துல இருந்தப்ப எனக்கு வேணான்னுதான் இருந்துச்சி. ஆரு கேட்டா?"

"யம்மா, நான் இங்கதான் கீறேன்" என்றான் தமிழரசு பக்கெட்டுக்குள்ளிருந்து.

"கேளு. நல்லாக் கேளு."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பனையம்பட்டில் யாருக்கும் எச்சில் ஊறவில்லை. டீயை வாயில் வைத்தவர்கள் விழுங்க முடியாமல் துப்பினார்கள். பச்சையப்பன் ஊற்றிய பால் அப்படியே திரும்பி வந்தது. அம்மனே ஊருக்கு நோன்பு வைத்துவிட்டாள் என்று முனியப்பன் சந்தோஷப்பட்டார். முந்தின நாள் கிண்டிய கேழ்வரகுக் களி அண்டாக்களில் ஆறிக்கிடந்தது. மாமியாரும் மருமகளும் ஷேர் ஆட்டோவுக்காகக் கோயில் எதிரில் நின்றபோது அவர் தோரணம் கட்டுவதை விட்டுவிட்டு வந்தார்.

"கூழு நாளும் அதுவுமா எங்க?"

"எனக்கு ஆஸ்பத்திரி. ஒடம்பு தாங்கல" என்று சொல்லிவிட்டு சந்திரம்மா அவர் காலுக்குப் பக்கத்திலேயே குமட்டினாள். அவர் ஒதுங்கிக்கொண்டு பத்மினியைப் பார்த்தார். முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை. அந்த மாதத்தில் அந்த ஊரில் அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்திருக்கவில்லை.

"நீ கக்கி நான் பாக்கவே இல்லியே."

"எடுத்தாச்சி மாமா, காலைலயே."

"வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடணும். ரெண்டு பேரும்" என்றார். ஆட்டோ கிளம்பிய பிறகும் ரோட்டிலேயே நின்றார். வளைவு திரும்பும்வரை பத்மினிக்கு அவர் தெரிந்தார். தோரணத்தில் கட்ட வேண்டிய மாவிலைக் கொத்து அவர் கையில் இருந்தது.

நகரியில் திருப்பதி பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் மலைக்குப் போகிறவர்கள்தான் நிறைய. அவர்களில் யாருக்கும் குமட்டவில்லை. கிளினிக் ஒரு செருப்புக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படி ஏறியதும் நர்ஸ் பத்மாவதி ஓடிவந்து சந்திரம்மாவின் கையைப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் உட்காரவைத்து, பெயர் என்ன, எத்தனை மாதம் என்று தெலுங்கில் கேட்டாள். சந்திரம்மா பேச முடியாமல் மருமகளைக் காட்டினாள். நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புருஷன் வரவில்லையா, கையெழுத்து யார் போடுவது என்று அடுத்து கேட்டாள். உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. "ஆமெ சந்தகம் சாலு." அவள் கையெழுத்தே போதும். பத்மினி தமிழில் கையெழுத்துப் போட்டாள். காப்பு நூலை அவிழ்க்கச் சொன்னார்கள். முடிச்சு அவிழவில்லை, அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டி உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள்.

ஊசி போட்டார்கள். மருந்து ஏறியது. பத்மினிக்குத் தூக்கம் வரவில்லை. வலிக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றாள். அது உண்மை. மேலே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வெளியே நாற்காலியில் சந்திரம்மாவின் தலை தோளில் சரிந்தது.

அதே நேரம் பனையம்பட்டில் பறை நின்றது. அடித்துக்கொண்டிருந்தவர்கள் பறையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்கள். ஸ்டாண்டு போட்ட பைக்கின்மேல் பச்சையப்பன் தூங்கினார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுத்தவர்கள் சாலிலேயே சாய்ந்தார்கள். ஸ்ரீ சிட்டியில் ஒரு லைன் நின்றது, சூப்பர்வைசர் ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கியும் ஒருத்தரும் எழவில்லை. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தெருவில் கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி நடந்து அவரவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். யாரும் அழவில்லை, கூப்பிடவில்லை. நாய்கள்கூடப் பேசாமல் இருந்தன.

பிறகு விழித்தார்கள். அடிவயிற்றில் ஏதோ இறுக்கிப் பிழிந்தது. ஆண்கள் அது என்னவென்று தெரியாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தார்கள். பெண்கள் தெரிந்து கிடந்தார்கள். வெயில் சாய்வதற்குள் ஆண்களுக்கும் தெரிந்துவிட்டது, யாரும் சொல்லாமலே. அதன்பிறகு காரணம் கேட்காமல் எல்லோருக்கும் கண்ணீர் வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் சந்திரம்மா மருமகள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். ரெண்டு நாள் ரெஸ்ட் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பத்மினிக்கு உடம்பில் அசதி இல்லை, வலி இல்லை, அழுகையும் இல்லை. எல்லாம் ஊருக்குப் போய்விட்டிருந்தது. நிம்மதி மட்டும் அவளிடம் இருந்தது. அதை யாரோடும் பங்கு போட முடியாது என்பது புத்தூர் தாண்டும்போது தெரிந்தது. பசித்தது. பஸ் நின்ற இடத்தில் இட்லி வாங்கிச் சாப்பிட்டாள்.

விளக்கு வைக்கும் முன்பே வந்துவிட்டார்கள். விளக்கு வைக்கத்தான் ஆள் இல்லை. கோயில் வாசலில், பந்தலுக்குக் கீழே, திட்டுத் திட்டாக ஜனம் சுருண்டு கிடந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சந்திரம்மாவை ஒரு தூணில் சாய்த்து உட்காரவைத்தாள். முனியப்பன் மாவிலைக் கொத்தின்மேல் படுத்திருந்தார். அவர் கண் அவள் மணிக்கட்டில் இருந்த பிளாஸ்டரில் நின்றது. அப்படி ஒரு காரியத்துக்குப் போய் வந்தவள் தீட்டு, அண்டாவின் பக்கம் வரக்கூடாது. அதைச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"பசிக்குதும்மா" என்றார்.

பத்மினி கை கழுவினாள். களியை உடைத்து அண்டாவில் போட்டு மோர் ஊற்றினாள். முழங்கைவரை விட்டுக் கட்டி இல்லாமல் பிசைந்து கரைத்தாள். உப்பு போட்டாள், வெங்காயம் அரிந்து போட்டாள். அம்மனுக்கு ஒரு சொம்பு வைத்து விளக்கேற்றினாள். பிறகு வாளியில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராகத் தலையைத் தூக்கி ஊற்றினாள். தொண்டையில் இறங்கியது. தமிழரசு ரெண்டு சொம்பு குடித்தான். முனியப்பன் பாத்திரத்தை மறுபடி நீட்டினார். "துன்னுட்டு படுங்க மாமா" என்றாள். அம்மன் முன்னால் வந்து நிற்கும்படி யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அடுத்த வருடம் ஆடி கழிந்ததும் பனையம்பட்டு மறுபடி வாந்தி எடுத்தது. இந்தமுறை யாரும் தண்ணீரைச் சோதிக்கவில்லை, காப்பு கட்டவில்லை. ஆண்கள் எலுமிச்சம்பழம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். சின்னசாமியின் மருமகள் கீர்த்தி நாலாம் நாள் தானே வந்து சொன்னாள். முனியப்பன் மாங்காயைக் கடித்துக்கொண்டு, "வெச்சுக்கிறியா, இன்னா?" என்று கேட்டார். வைத்துக்கொள்கிறேன் என்றாள். டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதிக்கு ஊரே கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்தது.