தாங்கியோடா, தாங்கி இல்லாமலா

அவுஃப்லாக என்ற ஜெர்மன் சொல் எங்கள் வீட்டில் உப்பு, புளி போலப் புழங்கிய சொல். வெளிநாட்டார் அலுவலகம் தரும் டுல்டுங் தாளில் அது அச்சடித்திருக்கும். நிபந்தனை என்று பொருள். இந்த மாநிலத்தை விட்டு வெளியே போகக் கூடாது, அனுமதி இல்லாத வேலை செய்யக் கூடாது. டுல்டுங் என்றால் பொறுத்துக்கொள்ளுதல். எங்களை இந்த நாட்டில் இருக்க விடவில்லை, பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள், பல்வலியைப் பொறுத்துக்கொள்வது போல. அகதி விண்ணப்பம் தள்ளுபடியான நாளிலிருந்து வுப்பர்டால் நகரில் எனக்கும் என் கணவர் யோகலிங்கத்துக்கும் அதுதான் சீவியம்.

வில்லில் அம்பை வைக்கிற சின்னத் தாங்கிக்கும் அதே பெயர்தான் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஜெர்மன்காரருக்குச் சொல் பஞ்சம் போலும்.

நான் துடைத்துத் துப்புரவாக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் புதன்கிழமைகளில் ஒரு வில்வித்தை கிளப் பழகும். அவர்கள் முடித்த பிறகுதான் நான் தரையில் கை வைக்கலாம். ஒரு நாள் வாளியோடு காத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, கிளப்பை நடத்தும் ஹோர்ஸ்ட், "சும்மாதானே நிற்கிறாய், ஒன்றை விட்டுப் பார்" என்று வில்லைக் கையில் தந்தான். அம்பு கூரையில் போய் முட்டியது. "தோள் எங்கே போகிறது? தூங்குகிறாயா?" என்று திட்டினான்.

எனக்கு அந்தத் திட்டுதான் பிடித்துப்போனது. இந்த நாட்டில் என்னோடு பேசியவர்கள் ஒன்றில் அதட்டினார்கள், இல்லாவிட்டால் இரங்கினார்கள். ஹோர்ஸ்ட் மற்றவர்களைத் திட்டுவது போலவே என்னையும் திட்டினான். நீ ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. குணேஸ்வரி என்பது நாக்கில் புரளாமல் குணா என்றார்கள். அந்த ஒரு மண்டபத்தில் நான் வெறும் குணா. அதை எவருக்காகவும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அடுத்த கோடையில் ஆளுக்கொரு மரவில் செய்ய ஹோர்ஸ்ட் தன் வீட்டுக் கொட்டிலில் இடம் தந்தான். வெளிறிய, நேரான இழை ஓடிய கட்டை. அதை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிற கத்தியால் சீவிச் சீவி என் வில்லை நானே எடுத்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. பிடியைச் செதுக்கும் கட்டம் வந்தபோது ஹோர்ஸ்ட் என் பக்கம் குனிந்தான்.

"குணா, உனக்கு அவுஃப்லாகவோடா, அவுஃப்லாக இல்லாமலா?"

யாரோ சொல்லிவிட்டார்கள், என் தாளைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் இங்க்ரிட் நின்றாள், எங்கள் அணியின் மூத்தவள். அவள் காதிலும் விழுந்திருக்கும்.

"இல்லாமல்" என்றேன். "எனக்கு ஒரு அவுஃப்லாகவும் இல்லை."

"துணிச்சல்காரி" என்றாள் இங்க்ரிட். ஹோர்ஸ்ட் என் வில்லைத் தொடாமல் அடுத்தவரிடம் போனான். மற்றவர்களின் வில்லில் பிடிக்கு மேலே மரத்தைக் குடைந்து ஒரு சின்னப் படி வெட்டி, அதன்மேல் தோல் ஒட்டினான். அதைப் பார்த்த பிறகுதான் என் மரமண்டைக்கு விளங்கியது. நான் வேறொன்றை நினைத்தேன் என்று வாயைத் திறக்க முடியுமா? எதை நினைத்தாய் என்று கேட்பார்களே.

தாங்கி இல்லாத வில்லில் கைதான் தாங்கி. இடக்கைச் சுட்டுவிரலின் மூட்டுமேல் அம்பு கிடக்கும். விடும்போது இறகின் முனை தோலைக் கீறிக்கொண்டு போகும். கை ஒரு மயிரிழை ஏறினால் அம்பும் ஏறும். முதல் மாதங்களில் விரலில் பிளாஸ்டர் ஒட்டாத நாளில்லை. ஆனால் விரல் மெல்ல மெல்லத் தன் இடத்தைக் கண்டுகொண்டது. இரண்டாவது குளிர்காலத்தில், தாங்கி வைத்தவர்களின் அம்புகளுக்கு நடுவே என் அம்பும் போய்க் குத்தி நின்றது. பொய்யில் பிறந்த வில்தான். ஆனாலும் அந்த வில் என்னுடையது, அந்த விரலும் என்னுடையது.

2003 இலையுதிர்காலத்தில் ஹாலே நகருக்கு அருகில் மரவில்காரருக்கு ஒரு போட்டி வைத்தார்கள். தாங்கி இல்லாத பிரிவுக்கு எங்கள் கிளப்பில் வேறு ஆளில்லை. என்னைக் கேளாமலே ஹோர்ஸ்ட் என் பெயரைக் கொடுத்துவிட்டான். ஹாலே வேறு மாநிலம்.

"உமக்கென்ன விசரே?" என்றார் யோகலிங்கம், சமையலறை வேலை முடித்து வந்து சப்பாத்தைக் கழற்றியபடி. "பிடிச்சா என்ன நடக்குமெண்டு தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகென்ன? அலுவலகத்தில போய் ஒரு பெர்மிஷன் கேளும்."

"கேட்டனான். வில்லு விடுறதுக்கெல்லாம் தர ஏலாதாம். அவசரக் காரணம் வேணுமாம்."

"அப்ப சுகமில்லையெண்டு சொல்லிப்போட்டு நில்லும்."

"போன வருஷம் ஹனோவர் போட்டிக்குக் கிளப்பில கேட்டபோதும் அதைத்தான் சொன்னனான். எத்தினை தரம் சுகமில்லாமப் போறது? உண்மையைச் சொன்னா கிளப்பிலயும் நான் அகதிதான். அதுக்கு நான் போகாமலே இருக்கலாம்."

அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றி ஓரமாக வைத்தார். "நான் சொல்லிப்போட்டன். பிறகு என்னட்டை வராதையும்" என்று குளிக்கப் போனார்.

நான் போனேன். காட்டுக்குள் நடந்து நடந்து, மரங்களின் நடுவே நிறுத்தியிருந்த பொய்மான்களையும் பன்றிகளையும் எய்தேன். பெண்களில் இரண்டாவதாக வந்தேன். கழுத்தில் பதக்கத்தைப் போட்டபோது, என் பெயருக்குப் பக்கத்தில் வுப்பர்டால் என்று மட்டும் சொன்னார்கள். அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த பரிசு அதுதான்.

திரும்பி வரும் ரயிலில் இரண்டு போலீஸ்காரர் ஏறினார்கள். எங்கள் கிளப் ஆட்கள் எல்லாரையும் தாண்டி நேரே என்னிடம் வந்து தாளைக் கேட்டார்கள். பெட்டியில் வேறு கறுத்த முகம் இல்லை. மூத்தவர் தாளை விரித்தார். குறுக்கே டுல்டுங்கின் சிவப்புக் கோடு.

"உங்களுக்கு அவுஃப்லாக இருக்கிறது" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் இங்க்ரிட் எழுந்துவிட்டாள். என் பதக்கத்தைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். "தவறு. இவள் அவுஃப்லாக இல்லாமல்தான் எய்கிறாள். இதையே அதற்குத்தான் கொடுத்தார்கள்."

இளைய போலீஸ்காரன்தான் முதலில் சிரித்தான். மேலே கம்பியில் கிடந்த விற்களைப் பார்த்து மூத்தவரும் சிரித்தார். பிறகு பெட்டியே சிரித்தது, ஹோர்ஸ்ட்டும்தான். சிரித்துக்கொண்டே மூத்தவர் தன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதைக் கண்டதும் ஹோர்ஸ்ட் என் தாளை எட்டிப் பார்த்தான். அவன் வாய் மூடியது.

"கொட்டிலில் நீ கேட்டது இதைத்தான் என்று நினைத்தேன்" என்றேன் அவனிடம். "அதனால்தான் இல்லாமல் என்றேன்."

இங்க்ரிட் அழத் தொடங்கினாள். அவள் சிரித்திருந்தாலே எனக்கு நல்லது. அடுத்த நிலையத்தில் எழுத்து வேலைக்காக என்னை இறக்கினார்கள். வில் ஹோர்ஸ்ட்டோடு போனது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் தாளை நீட்டித்துத் தந்த அலுவலகத்தார், அதன்பின் மாதம் ஒருமுறை டெர்மின் என்று நாள் குறித்து வரச் சொன்னார்கள். முதல் டெர்மினுக்கு யோகலிங்கம் வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு என்னோடு கூட வந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் பயந்தது கிளப்பை நினைத்துத்தான். துரத்துவார்கள், ஏன் மறைத்தாய் என்று கத்துவார்கள் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்துவதற்குச் சொற்களை அடுக்கி வைத்துக்கொண்டுதான் அடுத்த புதன்கிழமை மண்டபத்துக்குள் கால் வைத்தேன்.

இங்க்ரிட் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். உட்காரும் வாங்கில் இரண்டு பெரிய பைகள் இருந்தன. பழைய குளிர்கோட்டுகள், ஒரு சட்டி, படுக்கை விரிப்பு. "எல்லாம், உனக்கு. நல்ல, சூடு" என்றாள். மூன்று வருடமாக என்னோடு மூச்சு விடாமல் பேசியவள், அன்று சொல்லுக்குச் சொல் நிறுத்தி, கையால் அபிநயம் பிடித்துப் பேசினாள். போன வாரம்வரை நான் விளங்கிக்கொண்ட ஜெர்மன் இந்த வாரம் எனக்கு மறந்துவிட்டது என்று யார் இவளுக்குச் சொன்னார்கள்? ஒருவன் என் ஊரில் குண்டு விழுந்ததா என்று கேட்டான். இனி நீ சந்தா கட்ட வேண்டாம் என்றான் இன்னொருவன்.

ஹோர்ஸ்ட் என் வில்லை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு காலமும் கையைக் கிழித்துக்கொண்டு எய்திருக்கிறாய். நான் கேட்ட கேள்வியால். பாவம் நீ" என்றான். "இப்போது சரிசெய்துவிட்டேன்."

துணியை விலக்கினேன். பிடிக்கு மேலே மரத்தைக் குடைந்து ஒரு படி வெட்டியிருந்தான். அதன்மேல் மான்தோல். மிக நேர்த்தியான வேலை, குறை சொல்ல முடியாது. வெட்டிய மரத்தை இனி ஒட்ட முடியாது. அடுக்கி வைத்த சொற்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. அழுகிற மனிதனிடம் என்னத்தைக் கத்துவது?

"நன்றி" என்றேன்.

எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் கோட்டில் நின்று நாணை இழுத்தேன். அம்பு தோலின்மேல் சுகமாகப் படுத்திருந்தது. என் விரலுக்கு அங்கே வேலை இல்லை. படி வெட்டாத பிடியின் முழு அகலத்தைச் சுற்றி வளைந்து பறக்கவென்று பொறுக்கி எடுத்த அம்புகள் அவை. இந்தப் படிக்கு அவை ஆகா. விட்டேன். அம்பு இலக்கைத் தொடாமல் வலப்பக்கமாக விலகி, சுவரோரம் தொங்கிய வலையில் சிக்கி ஆடியது. புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட இப்படி எய்தால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஹோர்ஸ்ட்டின் வாயிலிருந்து என்ன வரும் என்று நான் திரும்பாமல் நின்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள்.