சூறாவளிக்கு ஒரு பாலிசி

மாலை நான்கு மணி. ஐந்துக்குள் பாலிசி கைக்கு வராவிட்டால் நாளைக் காலை படப்பிடிப்பு இல்லை. மூடிக் கிடக்கும் ஆலையைப் படத்துக்கு வாடகைக்கு விட்டவர் கறாரான ஆள். “இன்சூரன்ஸ் பேப்பர் வந்தா கதவு திறக்கும். வரலைன்னா நீங்க வெளியில நின்னு படம் எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார்.

தயாரிப்பாளருக்கு இது முதல் படம். கதாநாயகன் அவள் கணவனின் தம்பி. அவன் “அண்ணி” என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் படக்கம்பெனி முழுவதற்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் சூறாவளி. வீட்டுப் பரணிலிருந்து பெட்டி இறக்க வேண்டுமென்றால் ஏறுவது அண்ணிதான். சூறாவளி கீழே நின்று, “பாத்து அண்ணி, பாத்து” என்று வியர்ப்பான்.

இப்போது இருவரும் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி விண்ணப்பத்தை மூன்றாம் முறை படித்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துப் பிரித்து வைத்தார்.

“ஆபத்தான காட்சிகள்ல டூப்தான் நடிப்பார்னு எழுதியிருக்கீங்க. இதுல உங்க ஹீரோ, ‘டூப் போடுறவன் நடிகனே இல்ல, மாடியோ மலையோ நானே குதிப்பேன்’னு பேட்டி குடுத்திருக்கார். எதும்மா பொய்?”

“பேட்டிதான் சார்” என்றாள் அண்ணி, யோசிக்காமல்.

“அதை அவர் சொல்லட்டும். அவர் கால் ஒடிஞ்சா ஷூட்டிங் நிக்கும். நிக்கிற ஒவ்வொரு நாளைக்கும் எங்க கம்பெனிதான் பணம் அழணும்.”

சூறாவளி வாய் திறந்தான். அதற்குள் அடுத்த அறைகளிலிருந்து பத்துப் பேர் வந்து வாசலை அடைத்து நின்றார்கள். தட்டச்சுக்கார அம்மா, “நிஜமாவே நீங்களே குதிப்பீங்களா சார்?” என்று கன்னத்தில் கை வைத்தாள்.

அவ்வளவுதான். அவன் நெஞ்சு இரண்டங்குலம் விரிந்தது. “பின்ன? சூறாவளிக்கு எதுக்கு டூப்?”

அதிகாரி விண்ணப்பக் கோப்பை மூடினார்.

அண்ணி அவன் காதருகே குனிந்தாள். “தம்பி, உண்மையைச் சொல்லுங்க. என் படம் போயிடும்.”

“இத்தனை பேர் முன்னாடி எப்படி அண்ணி? மானம் போயிடும்.”

அண்ணி நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு புன்னகை வந்து உட்கார்ந்தது. “சார், தம்பி சொன்னா சொன்னதுதான். இப்பவே ஒண்ணு குதிச்சுக் காட்டுவார். தம்பி, அந்த பீரோ மேல ஏறுங்க.”

சூறாவளி அவளைப் பார்த்த பார்வையில் ஒரு குடும்பமே பிரிந்துவிடும். ஆனால் வாசலில் கைதட்டல் கிளம்பிவிட்டது. ஒருவர் மின்விசிறியை நிறுத்தினார். அவன் நாற்காலியில் ஏறினான், மேஜையில் ஏறினான், கைதட்டல் வேகத்தில் இரும்பு பீரோவின் உச்சிக்கே போய்விட்டான். அங்கே போனதும் கீழே பார்த்தான்.

பார்த்திருக்கக் கூடாது.

இரு கைகளாலும் பீரோவைக் கட்டிக்கொண்டு கவிழ்ந்து படுத்தான். கண்கள் இறுக மூடியிருந்தன.

“குதிங்க சார்!” என்றது வாசல்.

“அண்ணி…” என்றது பீரோ, கம்மிய குரலில்.

“சொல்லுங்க தம்பி.”

“டூப்… டூப்தான் அண்ணி. எல்லாப் படத்துலயும்.”

அதிகாரி மளமளவென்று ஓர் உறுதிமொழி எழுதினார். ‘நாற்காலி உயரத்துக்கு மேல் நான் ஏற மாட்டேன், எனக்கு அதற்குத் தைரியம் கிடையாது.’ தாளை அட்டையில் வைத்து மேலே நீட்டினார். அவன் கண் திறக்காமலே கிறுக்கிக் கொடுத்தான்.

அதிகாரி படித்தார். “‘அன்புடன், உங்கள் சூறாவளி’யா? இது ரசிகருக்குப் போடுறது சார். பேங்குல போடுற கையெழுத்தைப் போடுங்க.”

போட்டான்.

“நேர்ல பார்த்ததுக்கு ஆதாரமா ஒரு போட்டோவும் ஃபைல்ல வைக்கணும்.”

“போட்டோவா!” சூறாவளிக்கு ஒரு கண் மட்டும் திறந்தது. வாசலில் பத்துப் பேர், கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிடம், அண்ணியின் கையில் கசங்கிய கைக்குட்டை. அவள் சிரிக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“எடுத்துக்குங்க சார்” என்றான். “அண்ணி படம் நிக்கக் கூடாது. ஆனா இடது பக்கமா எடுங்க, எனக்கு அதுதான் நல்லா இருக்கும்.”

படம் எடுத்தாயிற்று. முத்திரை விழுந்தது. அண்ணி பாலிசியைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு ஆலைக்காரருக்குப் போன் போட்டாள்.

“காலையில ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைங்க. ஹீரோவா? வந்துடுவார். இங்க ஏணி கொண்டு வரப் போயிருக்காங்க.”