இங்க எறக்காதீங்க, மாமா

எங்கள் ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் டாக்டரைத் தேட மாட்டார்கள், என் போன் நம்பரைத் தேடுவார்கள். ஹனூரிலிருந்து கொள்ளேகாலம் வரை எங்கள் சொந்தக்காரர்கள் பரவிக் கிடக்கிறார்கள். "நம்ம பூங்குழலி மைசூர்ல நர்சா இருக்காளே, அப்பறம் என்ன கவலை?" என்று வண்டி ஏறிவிடுவார்கள். மாதேஸ்வரன் மலைக்குப் போய்த் தண்ணீர் சேராமல் வயிற்றுப்போக்கு வந்தாலும் நான்தான், மாடு முட்டினாலும் நான்தான். வழியில் எத்தனை ஆஸ்பத்திரி இருந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

நானும் ஒரு நாளும் வராதீர்கள் என்று சொன்னதில்லை. சீட்டு எடுத்துக் கொடுப்பேன், டாக்டரிடம் கன்னடத்தில் பேசுவேன், என் ஒற்றை அறையில் பாய் விரித்துக் கொடுத்துவிட்டு நான் சமையல் மேடைக்குப் பக்கத்தில் சுருண்டு கொள்வேன். குனியக் குனியக் கொட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் குனிந்தேன். அதை நினைத்தால் கொட்டினவர்கள் மேல் வருகிற ஆத்திரத்தைவிட என் மேல்தான் அதிகம் வருகிறது.

நான் வேலை பார்ப்பது அக்ரஹாரத்தில், சந்துக்குள் இருக்கும் ஒரு சின்ன நர்சிங் ஹோமில். மாடியில் ஐசியூ. வென்டிலேட்டர் என்று இருப்பது ஒன்றே ஒன்று. தலைமை நர்ஸ் மாதேவி சிஸ்டர் நல்ல மனுஷிதான். ஆனால் யார் லீவு போட்டாலும் அவர் கண் நேராக என்னிடம் வந்து நிற்கும். அன்றைக்கும் இரவு டூட்டி முடித்துப் பையைத் தூக்கின என்னை, "இவத்து ஒந்து தின மாத்ரா, பூங்குழலி" என்று கன்னடத்தில் கெஞ்சி நிறுத்தினார். அந்த 'இன்றைக்கு ஒரு நாள் மட்டும்' வாராவாரம் வரும். சரி சிஸ்டர் என்றேன். மதியத்துக்குள் நின்றபடியே கண் சொருக ஆரம்பித்தது.

அப்போதுதான் நஞ்சுண்டசாமி மாமாவின் போன் வந்தது. அம்மாவின் அண்ணன். அப்பா இறந்த பிறகு எங்களுக்குச் சோறு போட்டவர், நர்சிங் கல்லூரி வாசலில் ஒரு நாள் முழுக்க நின்று எனக்கு இடம் வாங்கியவர். அவர் சொன்னால் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. அவரிடம் போனில் பேசும்போதுகூட நான் எழுந்து நின்றுதான் பேசுவேன்.

"அம்முணி, மனோஜு மருந்தக் குடிச்சுப்போட்டான்."

மனோஜ்குமார் அவருடைய ஒரே மகன். என்னைவிடச் சின்னவன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். சோளக்காட்டுக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தைக் குடித்திருக்கிறான்.

"கொள்ளேகாலத்துல ஊசி போட்டுட்டு, மைசூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னாங்க. நமக்கு அங்க யாரத் தெரியும்? உன்ற ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துட்டிருக்கறோம். நரசிபுரம் தாண்டியாச்சு. பெட்டு ரெடி பண்ணி வெய்யி."

"மூச்சு எப்படிங் மாமா இருக்குது?"

"கொரகொரன்னு இழுக்கறான். வாயெல்லாம் நொரை."

தொண்டையில் குழாய் போட்டு மிசினில் வைக்க வேண்டிய நிலை. எங்கள் ஒரே மிசின் என் கைக்கெட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. லாரி மோதின ஒரு பூக்காரம்மா அதில் இருந்தார். 'வாங்க மாமா, பாத்துக்கலாம்' என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பழக்க தோஷம். சொல்லியிருந்தால் அன்றைக்கே மனோஜின் கதை முடிந்திருக்கும்.

"மாமா, இங்க வராதீங்க. மூச்சுக்கு வெக்கற மிசின் இங்க ஒண்ணுதான். அது வேற ஒருத்தருக்கு ஓடிட்டிருக்குது. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க, அங்க நெறைய இருக்குது."

"யாருக்கு ஓடுது?"

"லாரி அடிச்ச ஒரு அம்மாவுக்குங்க."

"நம்ம ஆளா?"

"இல்லீங் மாமா."

"அப்பறமென்ன? அதப் புடுங்கி நம்ம பையனுக்குப் போடு."

திரும்பிப் பார்த்தேன். பூக்காரம்மாவின் நெஞ்சு மிசின் சொன்னபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அது முடியாதுங் மாமா."

"என்ன சொன்னே?"

"முடியாதுங்க."

"வந்து பேசிக்கறேன்" என்றார். போன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். முடியாது என்பதெல்லாம் அவர் காதுக்குள் போகிற வார்த்தை இல்லை.

டூட்டி டாக்டரிடம் ஓடினேன். "இங்கே இறக்கினால் மறுபடி வண்டியில் ஏற்றுவதற்குள் போய்விடுவான். காருக்குள்ளேயே மருந்தை ஏற்றி அப்படியே அனுப்பிவிடு" என்று ஊசியை நிரப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னார். எங்களிடம் ஆம்புலன்ஸ் கிடையாது. கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையை எடுத்துக்கொண்டு வார்டு ஊழியர் உதயகுமார் என்னோடு வந்தார். கீழே போய் வெளியே நின்றுகொண்டு இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினேன். பொய் சொல்லவில்லை, ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

சந்துக்குள் ஹாரனை அழுத்தியபடி ஓம்னி வந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே மாமா குதித்தார். சட்டை முழுக்க மகனுடைய வாந்தி. மருந்து நாற்றம் குமட்டியது.

"கேட்டத் தொற."

"மாட்டேன் மாமா. இங்க எறக்காதீங்க. பெரியாஸ்பத்திரி பக்கத்துலதான், சொல்லி வெச்சாச்சு..."

முதல் அறை காதோடு சேர்த்து விழுந்தது. ஒரு பக்கம் முழுக்க விசில் அடித்தது. நிமிர்வதற்குள் இரண்டாவது. பிறகு முடியைப் பிடித்து என் முகத்தைக் கேட்டில் மோதினார். கம்பி வாயில் இறங்கியது. ஏதோ நொறுங்கின சத்தம் எனக்கு உள்ளேயிருந்து கேட்டது. துப்பினேன், ரத்தத்தோடு முன்பல் ஒன்று தரையில் விழுந்தது.

"நாஞ் சோறு போட்டு வளத்த நாயி! எனக்கே கேட்டச் சாத்தறியா?"

உதயகுமார் குறுக்கே விழுந்தார். மாமா முழங்கையால் குத்தியதில் அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சந்து முழுக்கக் கூட்டம். பக்கத்துக் கோயிலுக்கு வந்தவர்கள், எதிர்க் கடைக்காரர், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றவர்கள். விலக்க ஒருவனும் வரவில்லை. வீடியோ எடுக்க மட்டும் கைகள் உயர்ந்தன. நல்ல ஜனங்கள்!

நான் அவர் கைக்குக் கீழே நுழைந்து காரின் கதவை இழுத்தேன். மனோஜ் பின்சீட்டில் அத்தையின் மடியில் கிடந்தான். உதடு நீலம், உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. கொள்ளேகாலத்தில் போட்ட ஊசிக்குழாய் கையிலேயே இருந்தது, அந்த மட்டும் புண்ணியம். முட்டி போட்டு அதில் மருந்தை ஏற்றினேன். ஏற்ற ஏற்ற என் முதுகில் உதை விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு உதைக்கும் கை ஆடியது. பல்லைக் கடிக்கலாம் என்றால் கடிக்கப் பல்லும் சரியாக இல்லை. மருந்து முழுவதும் இறங்கின பிறகுதான் திரும்பினேன்.

"மாட்டேன்னு சொல்லாத பூங்குழலி" என்று பாப்பாயி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "இவனும் மாட்டேன்னுதான் சொன்னான். காட்டு வேலை வேண்டாம், மைசூர்ல கம்பெனிக்குப் போறேன்னான். செருப்பாலயே அடிச்சாரு. ஊர் பாக்க இழுத்துப் போட்டு அடிச்சாரு. அடி வாங்கிட்டு எந்திரிச்சவன் நேரா மருந்து டப்பாகிட்டத்தான் போனான்."

எனக்குள் என்னவோ அறுந்தது. அதற்குள் மாமா என்னைத் தள்ளிவிட்டு மனோஜின் கால்களைப் பிடித்து வெளியே இழுக்க ஆரம்பித்தார். அவன் தலை அத்தையின் மடியிலிருந்து சரிந்து சீட்டு விளிம்பில் இடித்தது. நான் மாமாவின் மணிக்கட்டைக் கடித்தேன். தோல் கிழிகிற வரைக்கும் கடித்தேன். அவர் கத்திக்கொண்டு கையை உதறியதும், இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவர் கன்னத்தில் அறைந்தேன். தாய்மாமனை. அறைந்த கை எரிந்தது. இன்னொன்றும் வைத்தேன். இரண்டாவது அறை மனோஜுக்காக இல்லை, எனக்காக.

அவர் காரில் சாய்ந்து நின்றார். அவரை யாரும் திருப்பி அடித்ததே இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"கொன்னாலும் கேட்டு தொறக்காது" என்றேன். வாய் நிறைய ரத்தம், வார்த்தை குழறியது. "அடிக்கறதுன்னா அடிங்க, நின்னுட்டிருக்கறேன். ஆனா நீங்க என்னை அடிச்சு முடிக்கறதுக்குள்ள உங்க பையன் செத்துருவான். அவனை ஒருக்கா அடிச்சே கொன்னது போதும்."

"சீனு, வண்டிய எடுடா!"

கத்தியது அத்தை. மாமாவுக்கு எதிரில் சத்தமாகத் தண்ணீர் கேட்டுக்கூட நான் பார்த்திராத அத்தை. டிரைவர் சீனு அதற்காகவே காத்திருந்தவன் போலச் சாவியைத் திருகினான். உதயகுமார் மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறி, மனோஜின் முகத்தில் பையை வைத்து அழுத்த ஆரம்பித்தார். மாமா தடுமாறி முன்சீட்டில் ஏறினார்.

"நீயும் வா. அங்க கன்னடத்துல பேசறதுக்கு ஆளு வேணும்" என்றார். நாய் என்று திட்டின வாயால் அதையும் கேட்கிறார்!

"வர மாட்டேன். மேல என்ற டூட்டியில ஒரு உசுரு இருக்குது. உதயகுமார் பேசுவாரு, போங்க."

வண்டி பின்னால் எடுத்துத் திரும்பிப் போனது. எதிர்க் கடைக்காரர் இப்போதுதான் ஓடி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் கொப்பளித்துவிட்டு, கேட்டைத் திறந்து மாடி ஏறினேன். ஈறில் பஞ்சை வைத்துக் கடித்தபடி பூக்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனோஜ் பிழைக்காவிட்டால் ஊருக்குள் கால் வைக்க முடியாது. பூங்குழலிதான் கேட்டைச் சாத்திக் கொன்றாள் என்று நான் சாகிற வரைக்கும் சொல்வார்கள். அம்மாவும் சொல்வாள். ஊர் போனால் போகட்டும், அவன் இருந்தால் போதும் என்று மாதேஸ்வரனைக் கும்பிட்டுக்கொண்டேன். அழுகை வரவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

டூட்டி முடிகிற சமயத்தில் மாதேவி சிஸ்டர் வந்து என் தாடையைத் தொட்டுப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு சுற்றி வளைத்து ஆரம்பித்தார். நைட்டுக்கு வரவேண்டிய பெண் வரவில்லையாம், நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டால்கூடப் போதுமாம்.

"ஆகல்ல சிஸ்டர்" என்றேன். முடியாது என்று கன்னடத்திலும் சொல்ல வந்துவிட்டது. "நாளைக்கும் முடியாது. பூக்காரம்மாவை நீங்க பாத்துக்குங்க."

அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். வானம் இடிந்து விழவில்லை. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது காதில் விழுந்தது.

அறைக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் பாயில் விழுந்தேன். முதுகு நெருப்பாக எரிந்தது. போன் அடித்தது. மாமா. எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தேன்.

"டியூப் போட்டு மிசின்ல வெச்சுட்டாங்க" என்றார். குரல் கிழிந்து போயிருந்தது. "கொஞ்சம் தாமதமாயிருந்தா அவ்ளோதான்னாரு டாக்டரு. கண்ணு முழிக்க நாலஞ்சு நாளாகுமாம். ஆனா உசுருக்குப் பயமில்லைன்னுட்டாரு."

சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். இருக்கிறான்.

"அம்முணி" என்றார் மாமா. "ராத்திரிக்கு இங்க வந்துரு. உங்கத்தை மயக்கமாக் கெடக்கறா. எனக்கு இவங்க சொல்றது ஒண்ணும் புரிய மாட்டீங்குது. நீ பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கால் தரையில் செருப்பைத் துழாவ ஆரம்பித்துவிட்டது. அந்தக் காலைப் பார்த்தேன். மறுபடி பாய்க்கு இழுத்துக்கொண்டேன்.

"முடியாதுங் மாமா. என்னால எந்திரிக்க முடியல."

வசவுக்காகக் காத்திருந்தேன். சோறு போட்ட கணக்கு வரும், அம்மாவை இழுப்பார், எல்லாம் வரும்.

"செரி" என்றார். கொஞ்சம் கழித்து, "ரொம்ப வலிக்குதா கண்ணு?"

"முன்னாடி பல்லு ஒண்ணு போயிருச்சு மாமா."

அவர் அழ ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேருக்கு நடுவில், வாய்விட்டு அழுதார். எனக்கும் கண்ணீர் வழிந்தது. இந்த இடத்தில் 'பரவாயில்லைங் மாமா' என்று சொல்லுவதுதான் என் வழக்கம். அது உதடு வரைக்கும் வந்தது. வீங்கின உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"ரொம்ப வலிக்குதுங்க. நான் தூங்கறேன்" என்று சொல்லிப் போனை அணைத்தேன்.