தானாக ஓடிய மிஷின்

பொழுது புலருமுன் ரோசி அச்சகத்துக் கதவைத் திறந்துவிடுவாள். வண்டன்மேட்டுப் பனிக்குக் கதவு ஒரு பொருட்டல்ல. இடுக்கில் நுழைந்து, அடுக்கி வைத்த தாளுக்குள் இறங்கி, இரண்டு தாளை ஒன்றாக ஒட்டிவிடும். ஏலக்காய்ப் பெட்டிக்கான தடித்த தாள். ஒரு கட்டைத் தூக்கினால் தோள்பட்டை இற்றுப்போகும். விசிறி, தட்டி, காற்றேற்றி, மறுபடி அடுக்க வேண்டும். விளிம்பெல்லாம் கத்தி. அவள் விரல்களில் பழைய கீறலின் மேல்தான் புதிய கீறல் விழும்.

அதற்குப் பிறகு சென்சார். ஆப்செட் மிஷினில் தாள் நுழையும் இடத்தில் பட்டாணி அளவுக் கண்ணாடி ஒன்று உண்டு. அச்சகத்தில் அதைக் கண் என்பார்கள். தாள் கோணலாகவோ இரட்டையாகவோ வந்தால் சிவப்பு விளக்கு எரியும், மிஷின் நிற்கும். ரோசி பஞ்சால் அதன் தூசியைத் துடைப்பாள். ஒற்றைத் தாளை விடுவாள், போக வேண்டும். இரட்டைத் தாளை விடுவாள்; நிற்க வேண்டும். அப்படி அமையும்வரை திருகைத் துளித்துளியாகத் திருப்புவாள்.

சிவப்பு எரிந்தால், ஜோபி உள்ளே கைவிட்டு மாட்டிய தாளை உருவுவான். "ஆச்சுக்கா" என்பான். அதைக் கேட்ட பிறகே ரோசி பச்சைப் பொத்தானை அழுத்துவாள். பல வருஷமாக அதுதான் அவர்கள் வழக்கம்.

மலையாளத்து முதலாளி ஜின்சனுக்கு மிஷின் நின்றால் உயிரே நின்றமாதிரி.

"எந்தா ரோசி, மிஷின் ஓடுதா, உறங்குதா?"

"தாளு ஈரம், மொதலாளி. ராவெல்லாம் ஹீட்டர் போட்டு ஒலர விட்டா நிக்காது."

"கரண்டு சார்ஜ் ஆரு அடைக்கும், நீயா?"

ஞாயிற்றுக்கிழமை ஆட்களெல்லாம் சபைக்குப் போயிருந்த நேரம், ஜின்சன் ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்து மிஷினைப் பிரித்தார். கேட்டதற்கு 'சர்வீஸ்' என்றார்.

திங்கட்கிழமை காலையில் சிவப்பு எரிந்தது. மிஷின் நின்றது. ஜோபி கைவிட்டுத் தாளை உருவினான். தாள் கண்ணைவிட்டு விலகியதும் மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது. உருளைக்குக் காகிதமும் கையும் ஒன்றுதான். அவன் விரல்களைக் கவ்வி உள்ளே இழுத்தது. ரோசி ஓடிப்போய் நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே வந்த தாளில் ஏலக்காய்ப் படத்தின் பச்சை மேல் ரத்தம் படிந்திருந்தது.

அவனைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் எல்லையிலுள்ள கம்பம்மெட்டைக்கூடத் தாண்டியிருக்காது. ஜின்சன் உருளையைக் கழுவச் சொன்னார். கறைபட்ட தாளைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பச் சொன்னார். பிறகு ரோசியை அறைக்குள் கூப்பிட்டார்.

"நீ பச்சை அமர்த்திட்டே. தெற்றும் தப்பும் ஆருக்கும் வரும். கைதவறி அமர்த்திட்டேன்னு சொல்லு. ஆஸ்பத்திரிக் காரியம் நான் நோக்கிக்கறேன்."

"நான் அழுத்தல மொதலாளி."

"பின்னே மிஷின் தானே ஓடிச்சோ?" ஜின்சன் சிரித்தார். "சொல்லலேன்னா என் எஸ்டேட் லயத்து வீட்ட ஒழிஞ்சு கொடுத்துட்டுப் போய்க்கோ."

கொடுமை என்னவென்றால், வீட்டில் சோற்றைப் பிசையும்போது அவள் தன் விரலையே சந்தேகப்பட்டாள். அழுத்தித் தொலைத்திருப்பேனோ?

மறுநாள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு தேனிக்குப் போனாள். ஜோபியின் மனைவி ஜிஸ்மி வார்டு வாசலிலேயே மறித்தாள். முதலாளி முந்திக்கொண்டு சொல்லியிருந்தார்.

"அவரு கொரல் கேக்குமுன்னே அழுத்திப்புட்டியே! வலது கையில கட்டவெரல் மட்டுந்தான் மிஞ்சியிருக்கு. அந்தக் கை ஒனக்கு என்னக்கா பண்ணுச்சு?"

தூக்குப்பாத்திரத்தைத் திறக்காமலே திரும்பி வந்தாள் ரோசி. பஸ்ஸில் வாய்விட்டு அழுதாள்.

அடுத்த காலை ஜோபியின் இடத்தில் பூபதிராஜா நின்றான். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரன், வேலை தேடி மலையேறியவன். கட்டிங் மிஷின் யாக்கோபும் பெட்டி ஒட்டும் பெண்களும் ரோசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் மிஷினின் கண்ணைத் துடைத்தாள். குனிந்து தாள்கட்டைத் தூக்கினாள். இரண்டு கைக்கும் கனம் ஏறியபோதுதான் நினைவு வந்தது. ஜோபி அலறியபோது இப்படித்தான் இரண்டு கையிலும் கட்டு இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுத்தானே ஓடினாள்!

சிவப்பு எரிந்தது. பூபதிராஜா உள்ளே கை நீட்டினான். ரோசி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க்கா?"

"பொறுப்பா. யாக்கோபண்ணே, எல்லாரும் இங்க வாங்க! கைய மேல தூக்குங்க. யாரும் எதையும் தொடாதீங்க."

எல்லார் கையும் மேலே இருந்தது. ரோசி ஒரு மரச்சட்டத்தை உள்ளே விட்டுக் கோணல் தாளைத் தள்ளினாள். தாள் விலகியது. மிஷின் ஓடியது. சட்டம் சடசடவென முறிந்து உள்ளே போனது.

யாக்கோபு மிஷினை நிறுத்திவிட்டு, சத்தம் கேட்டு வந்த ஜின்சனிடம் திரும்பினார். "பச்சைய அழுத்தாமலே ஓட வச்சதுதான் ஞாயித்துக்கெழம பாத்த சர்வீஸா மொதலாளி?"

"டைம் லாபிக்கத்தான் செஞ்சது. அவன் சூட்சிச்சு, பாத்து எடுக்கணும். மிஷினுக்கு என்ன குற்றம்?"

"எடுத்த ஒடனே ஓடுற மிஷினுல எப்படிப் பாத்து எடுக்கறது? இவ மேல பழியப் போட்டீரே, நாங்களும் நம்பித் தொலைச்சோமே!"

ஜின்சன் பூபதிராஜாவிடம் திரும்பினார். "புதிய ஆளு நீ. உனக்கு இதுல என்ன காரியம்? ஆன் பண்ணு."

"ஊட்ல அடுப்பெரியோணும்னுதானுங்க இத்தன தூரம் வந்தனுங்க. கையக் குடுத்துப்போட்டு அப்பறம் எதுலீங்க சோறு திங்கறது?" அவன் மிஷின் படியைவிட்டு இறங்கினான்.

"அப்படியெங்கில் எல்லாரும் எறங்கிக்கோ! நாளைக்கு லயம் ஒழியணும்!"

யாரும் அசையவில்லை.

"லேபர் ஆபீசருக்குச் சொல்லுவோம், வந்து கண்ணால பாக்கட்டும்" என்றார் யாக்கோபு. "அதுவரைக்கும் ஒரு ஒயரையும் மாத்த விடமாட்டோம்." மிஷினைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். சிமெண்டுத் தரை ஜில்லென்றிருந்தது. பசை காய்ந்த கையோடு பெண்கள் ரோசியை ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தோளைத் தொட்டாள்.

ரோசி ஜிஸ்மிக்குப் போன் போட்டாள். யாக்கோபு போனை வாங்கி நடந்ததைச் சொன்னார். "அவருகிட்டயே சொல்லுங்கண்ணே" என்று ஜிஸ்மி போனைப் புருஷனிடம் கொடுத்தாள். பிறகு ஜோபியின் குரல், மருந்து மயக்கத்தில் குழறியபடி வந்தது.

"மிஷின விட்டு நவுராதக்கா. கட்டோட நானும் வாரேன். எங்கையையும் அந்த ஆபீசரு பாக்கட்டும்."

ரோசி மிஷினை இன்னும் ஒட்டி உட்கார்ந்தாள்.

ஜின்சன் செல்போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் எலக்ட்ரீஷியனின் பைக் வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு ஜீப், அதில் ஜின்சனின் எஸ்டேட் ஆட்கள். பூபதிராஜா எழுந்து போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றான். ரோசி எழுந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள்.